உன் சர்வாதிகாரி எந்த நாளில் கெட்டான்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் குறுநாவலை வாசித்து முடித்தேன். சிமென்ட் ஆலையின் கண்ட்ரோல் ரூமில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பகலில் தூங்க வேண்டிய நேரத்தைத் திருடி நூறு பக்கத்துக்கு மேல் எழுதியிருக்கிறாய். அதற்கே ஒரு சபாஷ். சூளையைப் பற்றி வருகிற அந்த ஒன்றரைப் பக்கம்தான் மொத்தப் பிரதியிலும் எனக்கு ஆகப் பிடித்தது. உள்ளே 1,450 டிகிரிச் சூட்டில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் பாதி உருகிப் புரண்டு கிளிங்கராகின்றன; வெளியே ஏ.சி. அறையில் ஒருவன் அதைத் திரையில் ஆரஞ்சு நிறக் கலங்கலாகப் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறான். டீயில் சர்க்கரை கூடிவிட்டது என்று அவன் முகம் சுளிக்கிறான். இதை எழுதத் தெரிந்தவனுக்கு மொழியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. மீதிப் பக்கங்களோடுதான் எனக்குச் சண்டை.

கதை 2140-இல் நடக்கிறது. ஊர் நியோ சென்னை. மனிதர்களின் மூளையில் சில்லு வைத்து ஆள்கிற ஒரு விஞ்ஞானி. முதல் பக்கத்திலேயே அவன் கண்ணாடிச் சுவர் முன்னால் நின்று சிரிக்கிறான். இரண்டாம் பக்கத்தில் ஒரு கிராமத்தைக் கொளுத்துகிறான். கடைசிப் பக்கத்தில் செத்துப்போகிறான். நடுவில் அவனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. 'அதிகார ஆசை மனிதனின் அறத்தை எப்படி அரிக்கிறது என்பதே என் கரு' என்று கூடவே வைத்த கடிதத்தில் எழுதியிருக்கிறாய். அரிப்பதற்கு முதலில் அவனிடம் கொஞ்சமாவது அறம் இருக்க வேண்டாமா? அவன் எந்த நாளில் கெட்டான் என்று உன்னைக் கேட்டால் உனக்கே பதில் தெரியாது என்று நினைக்கிறேன்.

இதில் உன் தப்பு மட்டும் இல்லை. 2010-இல் வந்த 'எந்திரன்' நம் எல்லோரையும் கொஞ்சம் கெடுத்து வைத்திருக்கிறது. எனக்கும் பிடித்த படம்தான். சிட்டி என்ற ரோபோ மனம் தடுமாறுகிற இடம் வரைக்கும் அது நல்ல கதை. அதன் பிறகு போரா என்ற விஞ்ஞானி ஒரு சிவப்புச் சில்லைச் செருகுகிறார், சிட்டி அரக்கனாகிவிடுகிறது. சில்லைக் கழற்றினால் மறுபடி நல்லபிள்ளை. தீமை என்பது வெளியிலிருந்து வாங்கிப் பொருத்துகிற உதிரிபாகம் என்றால், எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். உன் கதையிலும் அந்தச் சிவப்புச் சில்லு இருக்கிறது. நீ அதற்குப் 'பேராசை' என்று பெயர் வைத்திருக்கிறாய், அவ்வளவுதான்.

நம் ஊர்ப் பக்கத்தில் பிறந்தவனுக்குச் சட்டென்று பிடிபடுகிற ஒரு வழி சொல்கிறேன். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் அதிகாரம் ஒருநாளும் லேசர் துப்பாக்கியோடு வந்ததில்லை. ஒரு சர்வே கல்லாக, வி.ஏ.ஓ. அலுவலகச் சுவரில் ஒட்டிய ஒரு தாளாகத்தான் வந்திருக்கிறது. ஜெயங்கொண்டம் பகுதியில் பழுப்பு நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று 1990-களில் நிலம் எடுத்தார்கள். திட்டம் வரவில்லை. இழப்பீட்டு வழக்குகள் மட்டும் வருடக்கணக்காக நடந்தன. அப்பன் போட்ட வழக்குக்கு மகன் நடந்த குடும்பங்களை உனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் கையில் இருந்தது 1894-ஆம் வருடத்து நிலம் கையகப்படுத்தல் சட்டம். நான்காம் பிரிவில் ஓர் அறிவிப்பு. அதற்கு அடுத்து 5ஏ என்று ஒரு பிரிவு: நிலத்துக்காரன் முப்பது நாளைக்குள் ஆட்சேபணை எழுதிக் கொடுக்கலாம், அதிகாரி அவனை உட்காரவைத்துக் கேட்டாக வேண்டும். வெள்ளைக்காரன் சட்டம் போட்டபோது இது கிடையாது, 1923-இல்தான் சேர்த்தார்கள். கூடவே பதினேழாம் பிரிவு ஒன்று இருந்தது, அவசரப் பிரிவு. 'இது அவசரம்' என்று அரசாங்கம் சொல்லிவிட்டால் 5ஏ விசாரணையைத் தாண்டிப் போகலாம். எந்த ஊரில் எந்தப் பிரிவைப் போட்டார்கள் என்பது வக்கீல்கள் பேச வேண்டியது. கதை எழுதுகிற உனக்கு நான் சொல்வது வேறு. அதிகாரத்தைத் தேடிப் போகிறவனின் அறம் கரைகிற கதை முழுவதும் 5ஏ-வுக்கும் பதினேழுக்கும் நடுவில் நடக்கிறது. எதிர்ப்பேச்சை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவன், 'இப்போது அவசரம், இந்த ஒரு தடவை மட்டும்' என்று முதன்முதலாகத் தாண்டிப் போகிற நாள் ஒன்று இருக்கும். உன் நாவலில் நான் தேடியது அந்த நாளை.

விஞ்ஞானக் கதை மேல்நாட்டுச் சரக்கு, அதனால் நியோ சென்னை, நியூயார்க் என்று போனால்தான் ஒட்டும் என்று ஒரு மயக்கம் நம்மிடம் இருக்கிறது. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியை எடுத்துப் பார். முதல் இலம்பகத்திலேயே ஒரு பறக்கும் இயந்திரமும் ஓர் ஆட்சிக் கவிழ்ப்பும் வருகின்றன. ஏமாங்கத நாட்டு அரசன் சச்சந்தன், மனைவி விசயையின் மயக்கத்தில் ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரன் கையில் கொடுத்துவிட்டு அந்தப்புரத்தில் கிடக்கிறான். நிமித்திகன் வேண்டாம் என்கிறான், கேட்கவில்லை. கட்டியங்காரனுக்கு ருசி பட்டுவிடுகிறது. ஆனால் அவன் நேராகக் கத்தியை எடுப்பதில்லை. மந்திரிகளைக் கூட்டுகிறான். ஒரு தெய்வம் நாள்தோறும் வந்து அரசனைக் கொல் கொல் என்று என்னைப் படுத்துகிறது, நான் என்ன செய்வது என்று யோசனை கேட்கிறான்! தருமதத்தன் எழுந்து அரசனைக் கொல்வது அடாது என்று நியாயம் பேசுகிறான். மைத்துனன் மதனன் அவன்மேல் பாய்கிறான். இதில் கவனிக்க வேண்டியது, கட்டியங்காரன் ஆட்சேபணையை வரவழைத்துக் கேட்கிறான் என்பதுதான். கேட்ட பிறகும் தான் நினைத்ததையே செய்கிறான். 5ஏ விசாரணை நடத்திவிட்டு ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்த உத்தரவில் கையெழுத்துப் போடுகிற ரகம். அந்தத் தெய்வம் இருக்கிறதே, அது அருமையான கண்டுபிடிப்பு. 'நான் ஆசைப்படவில்லை, எனக்குக் கட்டளை வந்திருக்கிறது.' இன்றைக்கு அந்தத் தெய்வத்தின் இடத்தில் ஒரு மென்பொருள் உட்கார்ந்திருக்கிறது, வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் பார். மயிற்பொறியைச் செய்யச் சொல்வது கட்டியங்காரன் அல்ல, தோற்கப்போகிற சச்சந்தன். கர்ப்பிணி மனைவியைத் தப்ப வைக்க ஒரு தச்சனிடம் சொல்லிச் செய்து, அவளுக்கு ஓட்டவும் பழக்குகிறான். வானத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு அவள் மயங்க, மயில் சுடுகாட்டில் இறங்குகிறது. சீவகன் அங்கேதான் பிறக்கிறான். அதிகாரத்தைத் தவறவிட்டவன் கையில் இயந்திரத்தைக் கொடுத்த அந்தக் கவியிடம் நீ கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. உன் கதையில் கருவிகள் எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கின்றன.

மேல்நாட்டார் இதை எப்படிச் செய்தார்கள் என்றும் பார்த்துவிடலாம். ஹெச். ஜி. வெல்ஸின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' 1897-இல் வந்தது. அதன் கதை எல்லோருக்கும் தெரியும் என்பார்கள். ஆனால் கிரிஃபின் கண்ணுக்கு மறைவதற்கு முன்னாலேயே என்ன செய்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் போதவில்லை என்று சொந்தத் தகப்பனிடமே திருடுகிறான். அது தகப்பனின் பணமும் அல்ல. அவர் சுட்டுக்கொண்டு சாகிறார். சவ அடக்கத்தில் நிற்கிறபோது கிரிஃபினுக்கு வருத்தம் வரவில்லை, மனம் ஆராய்ச்சியிலேயே இருக்கிறது. அங்கேயே முடிந்துவிட்டது. மருந்து அப்புறம்தான் வருகிறது. யாராவது தன் கண்டுபிடிப்பைத் திருடிவிடுவார்களோ என்ற அவசரம் அவனுக்கு. அவசரம் என்பதைக் கவனித்தாயா? இன்னொன்று, மறைந்த பிறகு அவன் படுகிற பாடு. லண்டன் குளிரில் உடுப்பில்லாமல் நடுங்குகிறான். சாப்பிட்டால் செரிக்கும் வரை சோறு வெளியே தெரிகிறது. சேற்றுக் காலடித் தடத்தைப் பார்த்துப் பிள்ளைகள் துரத்துகிறார்கள். பெரிய சக்தியைக் கையில் பிடித்தவன் ஒரு ஜோடி செருப்புக்குத் தவிக்கிறான். உன் சர்வாதிகாரிக்கு ஒரு நாள்கூடப் பல்வலி வரவில்லை.

அர்சுலா லெ குவினின் 1971-ஆம் வருட நாவல் ஒன்று, 'தி லேத் ஆஃப் ஹெவன்', இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த பாடம். ஜார்ஜ் ஓர் என்ற சாதாரண ஆள் கனவு கண்டால் விடியும்போது உலகம் அதன்படி மாறியிருக்கும். அவன் பயந்துபோய் ஹேபர் என்கிற தூக்க வைத்தியரிடம் வருகிறான். ஹேபர் கெட்டவர் அல்லர். தோளில் தட்டிப் பேசுகிற, வாய்விட்டுச் சிரிக்கிற, உலகத்துக்கு நல்லது செய்ய நினைக்கிற மனிதர். ஆரம்பத்தில் அவருடைய அறைக்கு ஜன்னல்கூட இல்லை. சுவரில் ஒரு மலையின் பெரிய படம் மட்டும். முதல் பரிசோதனையில் அந்த மலைப் படம் குதிரைப் படமாகிறது, அவ்வளவுதான். கனவுகள் போகப்போக, அந்த மலையை நிஜமாகவே பார்க்கிற ஜன்னல் அவருக்குக் கிடைக்கிறது. பிறகு ஒரு நிறுவனத்தின் இயக்குநர் பதவி. ஜனநெருக்கடியைத் தீர்க்கக் கனவு காணச் சொல்கிறார். ஒரு கொள்ளைநோய் அறுநூறு கோடிப் பேரைக் கொன்று தீர்த்து வைக்கிறது. அந்த வேளையில் ஒரு வழக்கறிஞர் பார்வையாளராக அதே அறையில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நகரம் உருமாறுகிறது. இருவரும் பார்க்கிறார்கள். ஹேபர் எதுவும் நடக்காதது போல மேற்கொண்டு பேசுகிறார்.

அந்த இடத்தை நான் எழுதப் பழகுகிற எவனுக்கும் காட்டுவேன். அலறல் இல்லை, சிரிப்பு இல்லை, கண்ணாடிச் சுவர் இல்லை. சாட்சி ஒருவர் எதிரே இருக்கும்போதே ஒரு மனிதன் பேச்சை மாற்றுகிறான். அவன் அறம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அவனுடைய அறையின் அளவை வைத்தே நாம் தெரிந்துகொள்கிறோம். 'டியூன்', நட்சத்திரப் போர் என்று நீ கடிதத்தில் அடுக்கியிருக்கிற மற்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றில் ராஜ்யங்கள் பெரிதாக இருக்கின்றன, உனக்கு இப்போது வேண்டியது சின்ன அறை.

நம் சுஜாதாவுக்கு வருவோம். பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்து மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை வடிவமைத்ததில் முக்கியப் பங்கு வகித்த அதே ரங்கராஜன்தான், சுஜாதா என்ற பெயரில் 1980-களில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' எழுதினார். ஓட்டுப் போட இயந்திரம் செய்தவர், ஓட்டே இல்லாத ஓர் எதிர்கால இந்தியாவை எழுதியிருக்கிறார். ஜீவா என்கிற சர்வாதிகாரியின் ஆட்சி. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும். 1975 முதல் 1977 வரை நெருக்கடி நிலையில் கட்டாயக் கருத்தடை நடந்த நாடு இது. அந்த நிழல் அந்த நாவலில் விழுந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவியும் மனோவும் ஜீனோ என்ற இயந்திர நாயும் வருகிறார்கள். ஜீவாவை ஒழிக்கத் திட்டம். ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, வெறும் ஒளி பிம்பம் என்று தெரியவருகிறது. அதோடு முடித்திருந்தால் அது ஒரு நல்ல திருப்பம் மட்டும்தான். புரட்சிக்காரர்கள் ரவியும் மனோவும் காலியான நாற்காலியைப் பார்த்ததும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சுஜாதா நிற்கிறார். அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா பெயருக்கு ராணி. கயிறு அவர்கள் கையில்.

ஆள் இல்லாத அதிகாரம், அதை நிரப்பத் துடிக்கிற கைகள். தமிழில் இதைவிடக் கூர்மையாக இந்த விஷயத்தை யாரும் தொட்டதாக எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒரு குறை சொல்வேன். சுஜாதாவின் வேகம் அவருடைய வரம், அவருடைய கஷ்டமும் அதுதான். ரவி மாறிய அந்த இரவை அவர் நமக்குக் காட்டவில்லை. வாரத் தொடருக்கு அடுத்த அத்தியாயம் காத்திருந்தது. ரவி கண்ணாடியைப் பார்த்தானா, மனோவிடம் என்ன சொன்னான், அவர்களில் யார் முதலில் 'மக்கள் இன்னும் தயாராகவில்லை' என்று ஆரம்பித்தது? அந்த இடம் இன்றுவரை காலியாகவே இருக்கிறது. உன் தலைமுறைக்கு விட்டுவைத்த மனைக்கட்டு என்று எடுத்துக்கொள்.

எல்லாக் கதைக்கும் இது விதி என்று சொல்ல மாட்டேன். ரொக்கையா பேகம் 1905-இல் 'சுல்தானாவின் கனவு' எழுதியபோது சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகஸின்'தான் அதை வெளியிட்டது. அதில் பெண்கள் சூரிய வெப்பத்தைத் திருப்பிப் போரில் ஜெயிக்கிறார்கள், ஆண்களை வீட்டுக்குள் அடைக்கிறார்கள். அடைபட்ட ஆண்களிடம் யாரும் ஆட்சேபணை கேட்கவில்லை. கேட்க வேண்டியதுமில்லை, அது கிண்டல், தலைகீழாகப் பிடித்த கண்ணாடி. நீ எழுதியது கிண்டல் இல்லையே.

சரி, 2140-ஐ விடு. 2035-க்கு வா, செந்துறைப் பக்கம் ஓர் ஏரிக்கு வா. 100 நாள் வேலைக்கு 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் வருகை பதிவது கட்டாயம் ஆனது உனக்குத் தெரியும்: பணித்தளப் பொறுப்பாளர் நாளுக்கு இரண்டு தடவை படம் எடுத்து ஏற்ற வேண்டியிருந்தது, படம் ஏறாவிட்டால் கூலி சிக்கல். அந்தப் பொறுப்பாளர் யார்? பெரும்பாலும் பிளஸ் டூ படித்த ஊர் மருமகள் ஒருத்தி. அவள் கையில் இருக்கிற போன்தான் அந்த ஏரிக்கரையில் அரசாங்கம். அவளை உன் கதாநாயகியாக வை.

முதல் நாள் டவுன் பஸ் வரத் தாமதமாகி ஓர் ஆயா மண்வெட்டியோடு ஓடி வருகிறது. இவள் படம் எடுக்காமல் காத்திருக்கிறாள். டவர் கிடைக்கவில்லை என்று கரைமேல் ஏறி நின்று கையைத் தூக்கிப் பிடிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். யாரோ முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறாள். ரொம்ப வற்புறுத்த, வாங்கிக்கொள்கிறாள். இதுவரைக்கும் இன்றைய கதை. இங்கே உன் விஞ்ஞானம் வரட்டும். செயலி ஒரு நாள் புதுப்பிக்கப்படுகிறது. இனி ஒவ்வொரு ஆளுக்கும் உழைப்புக்கு மதிப்பெண் போட வேண்டும், பத்துக்கு. அந்த எண் ரேஷனுக்கும் மகளிர் குழுக் கடனுக்கும் போகும். முதல் வாரம் இவள் எல்லோருக்கும் பத்து போடுகிறாள். செயலி ஏற்க மறுக்கிறது: எல்லோருக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது, குறைந்தது ஐந்து பேருக்கு நான்குக்குக் கீழே போடவும். மணி ஐந்தாகிறது, ஏற்றாவிட்டால் யாருக்கும் கூலி இல்லை. அவசரம்.

யாருக்குப் போடுவாள்? நல்லவள் ஆயிற்றே, யோசிக்கிறாள். சொந்த மாமியாருக்கு முதலில் மூன்று போடுகிறாள். தனக்கும் ஒன்று. மீதிப் பேரைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுக்கிறாள், அன்று ராத்திரி அவளுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் கண்ணை மூடவில்லை. தன்னைப் பற்றித் தண்ணீர்க் குழாயடியில் ஏதோ பேசினவள் ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு மூன்று. பொய்யா என்றால் பொய்யும் இல்லை, அவள் நிஜமாகவே மெதுவாகத்தான் வெட்டுகிறாள். நாலாவது வாரம் அந்தப் பெண் வந்து நிற்கிறாள்.

"ஏம்மா, எனக்கு மட்டும் எதுக்கு மூணு போட்ட?"

"நானா போட்டேன்? ஆப்புதான் போட்டுச்சு."

தம்பி, இதற்கு மேல் நீ ஒரு கிராமத்தைக் கொளுத்த வேண்டியதே இல்லை. அந்த ஒரு பதிலில் கட்டியங்காரனின் தெய்வம் ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. அவள் அந்தப் பதிலைச் சொல்லும்போது போனை எந்தக் கையில் வைத்திருந்தாள், முந்தானையில் முகம் துடைத்தாளா, கேட்டவளின் கண்ணைப் பார்த்தாளா என்பதை நீ எழுது. அப்புறம் அவள் மேற்பார்வையாளர் ஆகட்டும், ஒன்றியம் ஆளட்டும், வேண்டுமானால் 2140 வரை போய் நியோ சென்னையில் கண்ணாடிச் சுவர் முன்னால் நிற்கட்டும். அவள் சிரித்தால் நான் நம்புவேன்.

உன் கண்ட்ரோல் ரூம் ஆளையும் இப்படியே கொண்டுபோகலாம். அவனுக்கும் ஒரு திரை இருக்கிறது. திரையில் ஆரஞ்சு நிறம் தெரிகிறது, சூடு தெரிவதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு அவன் ஒரு எண்ணை மாற்றினால் எங்கேயோ யார் வீட்டுக் கொடியிலோ காய்கிற துணிமேல் என்ன விழும் என்பது அவன் திரையில் வராது. அவனை ஏன் இருபதாம் பக்கத்தில் கொன்றாய்? நாவலே அவனுடையது.

இன்னொரு பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் நான் அரைகுறையாகச் சொன்னவன் ஆவேன். 1956 நவம்பர் 23 அதிகாலையில், மழை வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலத்தருகே பாதை பெயர்ந்து, சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகே ஆற்றில் விழுந்தது. 140 பேருக்கு மேல் செத்தார்கள். நம் ஊரில் வயதானவர்கள் இன்றும் மழைக்காலத்தில் அந்தப் பேச்சை எடுப்பார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அதே வருடம் மெகபூப்நகர் விபத்துக்குப் பிறகும் அவர் விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரி பாலம் கட்டவில்லை, ரயிலை ஓட்டவில்லை.

இதை மேடைப் பேச்சுக்குப் பயன்படுத்துவார்கள். நீ வேறு மாதிரி யோசி. சாஸ்திரியின் மேசையில் அன்றைக்கு ஒரு மென்பொருள் இருந்திருந்தால்? விபத்துக்கான பொறுப்பு மழைக்கு இத்தனை சதவீதம், பராமரிப்புக்கு இத்தனை, அமைச்சருக்குப் பூஜ்யம் என்று கச்சிதமாகக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால்? கையில் அந்தத் தாளை வைத்துக்கொண்டும் ஒருவர் ராஜினாமா எழுதுகிறார் என்றால் அவரை எப்படி எழுதுவாய்? விழுகிறவனை எழுதுவது சுலபம். விழாதவனை உபதேசம் ஆகாமல் எழுதுவது மகா கஷ்டம். அதிலும் சாஸ்திரி பின்னாளில் 1964-இல் பிரதமரே ஆனார். விலகியது அவரை உயர்த்தியும்விட்டது. அதனால் அந்த ராஜினாமா சுத்தமா என்று சந்தேகப்படுகிற ஒரு பாத்திரமும் உனக்கு வேண்டும். போதாததற்கு, தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்ற 1957-இல், அந்த விபத்தே ரயில்வே துணை அமைச்சராக இருந்த ஓ. வி. அளகேசனுக்கு எதிரான முழக்கமாகச் சுவர்களில் ஏறியது. ஆற்றில் போனவர்களை வைத்தும் ஓட்டுக் கேட்கத்தான் செய்தார்கள். கேட்டது நியாயம்தான் என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைக்காதே, அப்படியே கதைக்குள் கொண்டுவா.

ஒன்றைத் தயவுசெய்து செய்யாதே. சாத்தனூரில் கிடக்கிற கல்மரத்தையோ, சுண்ணாம்புச் சுரங்கத்தில் கிடைக்கிற அம்மோனைட்டையோ காட்டி, பல கோடி வருடத்துக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது, ராஜ்யங்களும் அப்படித்தான் போகும் என்று முடிக்காதே. நம் ஊர்ப்பக்கம் எழுத வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். கங்கைகொண்டசோழபுரத்தையும் அப்படிச் சோகமாக ஆக்க வேண்டாம். அங்கே உனக்கு உதவுகிற விஷயம் வேறு. ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. ஊருக்குப் பாசனமும் அதுதான், ராஜாவின் பெருமையும் அதுதான். பிற்காலத்தில் வெள்ளைக்காரப் பொறியாளர்கள் கொள்ளிடத்தில் கீழணை கட்டக் கோயில் மதிலை உடைத்துக் கல் எடுத்துப் போனார்கள். அவர்களும் பாசனத்துக்குத்தான் என்றார்கள். உபயோகம் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கட்டவும் முடிகிறது, உடைக்கவும் முடிகிறது. உன் சர்வாதிகாரி பேசுகிற முதல் வாக்கியம் இப்படி ஏதாவது உபயோகமானதாக இருக்கட்டும். வாசிக்கிறவன் தலையாட்ட வேண்டும்.

கடிதத்தின் அடியில் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டிருந்தாய்: அரசியல் வாடை அடித்தால் வம்பு வருமா என்று. ஆலையின் பெயரை எங்கேயும் போடாதே, கிராமங்களின் பெயரை மாற்றாதே. மற்றபடி பயப்பட வேண்டாம். எதிர்காலத்தை எழுதுகிறவனை அடிக்க ஆள் வருவதில்லை. சர்வாதிகாரியையும் ராணியையும் எழுதியபோது சுஜாதாவை யாரும் ஒன்றும் செய்யவில்லை. 1857-ஐ எழுதப் போய்க் குமுதத்தில் 'கறுப்பு சிவப்பு வெளுப்பு' ஆரம்பித்தபோதுதான் எதிர்ப்பு கிளம்பித் தொடரே நின்றது. பிறகு அதே களத்தை 'ரத்தம் ஒரே நிறம்' என்று எழுத வேண்டிவந்தது.

அடுத்த பிரதியைத் தாளில் எடுத்து அனுப்பு. செல்போனில் வாசிக்க என் கண் ஒத்துழைப்பதில்லை. கண்ட்ரோல் ரூம்காரன் உயிரோடு வரட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்